வலது காதுக்குப் பின்னால் ஒருத்தி

பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கேட்டவர்கள்தான் அதிகம். மாடியில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு மைக். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதமாக வரும், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. டிரைவர்களும் கண்டக்டர்களும் அவளுக்கு வைத்த பெயர் மைக் அக்கா. பெயர் வைத்த டிரைவர்கள் பலர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை.

தன் குரல்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐஸ் தண்ணீர் குடிக்க மாட்டாள். தூசி பறந்தால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்வாள். சண்டை போட்டால்கூடத் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டுதான் சண்டை போடுவாள். கடையில் எதையாவது விலை கேட்கும்போது, பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "நீங்க பஸ் ஸ்டாண்டுல பேசறவங்கதானே?" என்று கேட்டால், அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது.

ஊரே காது கொடுத்துக் கேட்ட அந்தக் குரலுக்கு வீட்டில் ஒரு காது கிடைக்கவில்லை. அவள் கணவருடைய காதில் வேறொருத்தி குடியிருந்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பஸ் நிலையத்து லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது சரிசெய்ய வந்தார். "எப்பங்க சரியாகும்? படி ஏறி ஏறி மூச்சு வாங்குது, மைக்ல அது வேற கேட்குது" என்று இவள் போய்க் கேட்டாள். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, "மைக் இல்லாம உங்க குரல் இன்னும் நல்லா இருக்குங்க" என்றார். கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டே இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயத்தில் அவருக்கு நோய் வந்தது. ஒரு பெரிய கட்டடத்தில், லிஃப்ட் ஓடும் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து இரண்டு ஆண்கள் பேசுவது கேட்டதாம். "இவனுக்கு என்னடா தெரியும்? இவன் கயிறை அறுத்துத்தான் நாலு பேர் சாகப் போறாங்க." மேலே ஏறிப் பார்த்தார், யாரும் இல்லை. கீழே வந்தார், பேச்சு கூடவே வந்தது. வீடு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை, ஜன்னலைத் திறக்க விடவில்லை, அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்துகொண்டு தன்னை வேவு பார்க்கிறார்கள் என்றார். ஆஸ்பத்திரியில் அதற்கு மனச்சிதைவு நோய் என்று பெயர் சொன்னார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்று சீட்டில் எழுதினார்கள்.

அந்த நாட்களில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கணவர். ஆனால் மனத்தில் தெளிவு இருந்தது. அந்த இரண்டு ஆண்களும் எதிரிகள், அவர்களை விரட்ட வேண்டும், அவ்வளவுதான். மாத்திரை வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் குரல் தேய்ந்து, கடைசியில் நின்றேபோனது. மறுபடி லிஃப்ட் குழிக்குள் இறங்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்தவர் ஒருவரின் ரிப்பேர் கடையில் சேர்ந்தார். மின்விசிறி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. சம்பளம் குறைவு, நிம்மதி அதிகம். மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அறையில் யாரும் இல்லை. தலையை லேசாக வலது பக்கம் சாய்த்து, எதையோ கேட்டதுபோல, உதட்டை மடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுக்கு வந்துகொண்டிருந்தது அது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. இப்போது அது வேறு விலாசத்துக்குப் போகிறது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அவர் போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய அழைப்புகள், மகளுடையவை, கடைக்காரருடையவை, மோட்டாருக்குக் காயில் சுற்றித் தருபவர் ஒருவருடையது. அழித்துவிட்டிருப்பார் என்று நினைத்தாள். லீவு போட்டுவிட்டு, அவர் கடைக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் போய் நின்றுகொண்டாள். சும்மா நிற்க முடியாதே என்று கைப்பையிலிருந்த ஒரே தாளைத் திரும்பத் திரும்ப நகல் எடுக்கக் கொடுத்தாள். "இத்தனை எதுக்கும்மா?" என்று கேட்ட கடைக்காரரை முறைத்தாள். எதிரே அவர் மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று தலை வலது பக்கம் சாய்ந்தது. சிரித்தார். "சரி சரி, பார்க்கறேன்" என்று வாயசைத்தார்.

அவள் தெருவைத் தாண்டிக் கடைக்குள் புகுந்தாள். ஷட்டருக்குப் பின்னால் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மிக்ஸி ஜாடிகள்தான் இருந்தன.

"யாருங்க அவ?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

வேறு வாக்குமூலம் வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, திருப்புளியைக் கையில் உருட்டியபடி அவர் சொன்னார். "அந்த ரெண்டு ஆம்பளைங்க போன பிறகு இவ வந்தா. பொம்பளைக் குரல். திட்டறதில்ல. நான் செய்றதைப் பார்த்துச் சொல்லிட்டே இருப்பா, 'இப்ப ஸ்க்ரூவைக் கழட்டறார், இப்ப துடைக்கிறார்'னு. நல்லா செஞ்சா நல்லா இருக்குன்னு சொல்வா. டாக்டர்கிட்டச் சொன்னா மாத்திரையைக் கூட்டிடுவாருன்னு சொல்லல. உன்கிட்டச் சொன்னா..."

"சொன்னா?"

"இப்ப நிக்கறியே, இப்படி நிப்பியேன்னு சொல்லல."

உடம்போடு ஒருத்தி இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. அந்த ஆறுதல் வீடு வந்து சேரும்வரைதான் தாங்கியது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "குரல் எப்படி இருக்கும்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நல்லா இருக்கும்" என்றார்.

குரலால் சோறு தின்கிறவளிடம் சொல்லக்கூடிய பதிலா அது? அன்றிலிருந்து அவளைப் பொறாமை பிடித்தது. களிமண்ணில் பிடித்து வைத்தாலும் சக்களத்தி சக்களத்திதான். இவளோ களிமண்கூட இல்லை. முடியைப் பிடித்து இழுக்கலாம் என்றால் முடி இல்லை. வாசலில் நின்று நாக்கைப் பிடுங்குவதுபோல நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் வாசல் இல்லை. அழகில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முகம் இல்லை. வருஷக்கணக்கில் பார்த்தாலும் நரைக்க மாட்டாள், தடிக்க மாட்டாள், முட்டி வலிக்கிறது என்று முனக மாட்டாள்.

பஸ் நிலையத்தில் டைம்கீப்பரிடம் மட்டும் சொன்னாள். வண்டிகள் வருவதையும் போவதையும் குறிப்பவர், அவளைவிடப் பெரியவர், அவள் அறைக்கு அடுத்த மேசை. "இல்லாத ஒருத்திமேல எதுக்கும்மா பொறாமை? காத்தோட சண்டை போடற கதையா இருக்கே" என்றார் அவர்.

"காத்துன்னா ஜன்னலைச் சாத்திடுவேன் அண்ணே. இவளுக்கு எதைச் சாத்தறது?"

வீட்டில் நாளுக்கொரு சண்டை. அவர் பேசாமல் இருந்தால், "என்ன, அவ வந்துட்டாளா?" பேசினால், "அவ லீவா இன்னைக்கு?" ரேடியோவை உரக்க வைத்தாள். தானே விடாமல் பேசிப் பார்த்தாள். நாள் முழுக்க மைக்கில் பேசியவள் வீட்டுக்கு வந்தும் ஓயாமல் பேசியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"அவளைப் போகச் சொல்லுங்க."

"நான் கூப்பிடலையே, போகச் சொல்றதுக்கு."

"வரும்போது சிரிக்கிறீங்க இல்ல? அதுதான் கூப்பிடறது."

மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மா, இந்த வீட்டுல நாம மூணு பேர்தான். நீ நாலு பேருக்கு சண்டை போடற" என்றாள். அதற்கும் சேர்த்து மகளுக்குத் திட்டு விழுந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் ஒரு காரியம் செய்தாள். அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "எப்படி இருக்கார்?" என்று அவளைக் கேட்டார். குரல் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவள் அதோடு நிற்கவில்லை. "தூங்கறதே இல்ல சார். கத்தறார். அடிக்கிற மாதிரி கையை ஓங்கறார். எனக்குப் பயமா இருக்கு." கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நோயாளி மறுத்தால் அதுவும் நோய்தான் என்று ஆகிவிடும், அது அவருக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

அவள் தன் கையாலேயே கொடுத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். சீக்கிரமே நடை மரக்கட்டைபோல் ஆனது. முகத்தில் சுரத்தில்லை. பேசும்போது வாயோரம் எச்சில் வழிந்தது. கை நடுங்கி ஸ்க்ரூ பிடிபடவில்லை, கடைக்காரர், "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருநாள் அவர் கரண்டியைப் பிடிக்க முடியாமல் சாப்பாட்டைச் சிந்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அவ இன்னும் வர்றாளா?"

"வர்றா."

"என்ன சொல்றா?"

நாக்கு புரளாமல், ஒவ்வொரு சொல்லாக அவர் சொன்னார். "கை நடுங்குதே, மெல்லச் சாப்பிடுங்கன்னு."

அவளுக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. தான் அவரை இந்தக் கதிக்கு ஆளாக்கி உட்கார்த்தி வைத்திருக்க, கரிசனமாக இரண்டு வார்த்தை சொன்னவள் அவளா! அந்த நேரத்தில்கூட அவள் மனத்தில் முதலில் எழுந்தது வெட்கம் இல்லை, பொறாமைதான். வெட்கம் பின்னால் வந்தது. வந்தபோது நிற்க முடியாத அளவுக்கு வந்தது. கரண்டியை வாங்கி அவளே ஊட்டிவிட்டாள்.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கோபம் உங்களுக்கு அந்தக் குரல்மேல. மாத்திரை அவருக்கு. இது என்னம்மா நியாயம்?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரை பழையபடி குறைந்தது. சில வாரங்களில் நடுக்கமும் குறைந்தது. அவர் கடைக்குத் திரும்பிப் போனார்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். "மருந்து சாப்பிட்டும் குரல் நிக்காதவங்களுக்கு, குரல் கேட்கிற நேரத்துல மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற ஆய்வு ஒண்ணு நம்ம ஆஸ்பத்திரியில நடக்குது. இது சிகிச்சை இல்ல. இதனால அவருக்கு உடனே குணமாகிடாது. விருப்பம் இருந்தாச் சேரலாம்."

"ஸ்கேன்ல அவ தெரிவாளா?"

"அவன்னு யாரும் தெரிய மாட்டாங்க. குரல் கேட்கும்போது மூளையில எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாப் போகுதுன்னு தெரியும்."

அவளுக்கு அது போதும். எதிராளி குடியிருக்கும் வீட்டு வாசலையாவது பார்த்துவிடலாம். அவரும் மறுக்கவில்லை. அவ்வளவு பெரிய மெஷினுக்குள் போய்ப் பார்க்கும் ஆசை எந்த மெக்கானிக்குக்குத்தான் இருக்காது?

ஆய்வு நடத்தியவள் ஒரு இளம் டாக்டரம்மா. முதல் நாள் கேள்விகள் மட்டும். மைக் அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குரல் எந்தப் பக்கத்துலருந்து வரும்?"

"வலது காதுக்குக் கொஞ்சம் பின்னால."

கட்டிலில் மைக் அக்கா படுப்பது இடது பக்கம். அந்தக் குரல்காரி இடத்தைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்ன வயசு இருக்கும்னு தோணுது?"

"ஒரு முப்பது."

"எத்தனை வருஷமா முப்பது?" என்று அவள் குறுக்கே கேட்டாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கோபப்படுவாங்களா?"

"இல்ல. கோபமே வராது." சொல்லிவிட்டு அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

கேள்வி கேட்கக் கேட்க அவர் மடை திறந்ததுபோல் சொல்லிக்கொண்டே போனார். காலையில் அவள் குரல் கிட்டத்தில் இருக்கும், சாயங்காலம் தள்ளிப் போகும். கடையில் கூட்டம் இருந்தால் வர மாட்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் நன்றாகக் கேட்கும். இதில் ஒன்றுகூட வீட்டில் சொன்னதில்லை. அவளுக்கு இப்போது பொறாமை இரண்டாகப் பிரிந்தது. காதுக்குள் இருப்பவள்மேல் ஒன்று, எதிரே உட்கார்ந்து தலையாட்டிக் கேட்கும் டாக்டரம்மாமேல் ஒன்று. "எனக்கு ஏன் இதெல்லாம் சொல்லல?" என்று திரும்பும் வழியில் கேட்டாள்.

"நீ இதெல்லாம் கேட்கலையே. நீ கேட்டதெல்லாம் 'வந்துட்டாளா, போயிட்டாளா'ன்னுதான்."

ஸ்கேன் அன்று அவர் பையைக் காலி செய்யவே நேரமாயிற்று. மெஷின் பெரிய காந்தம், இரும்புத் துணுக்குகூட உள்ளே போகக்கூடாது. சட்டைப் பையிலிருந்து நட்டு, வாஷர், ஒரு குட்டித் திருப்புளி என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் உடுப்பையே மாற்றிவிட்டார்கள். குரல் பேசத் தொடங்கும்போது கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும், நின்றதும் விட வேண்டும். அதுதான் வேலை. அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டாக்டரம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில், பட்டனை அழுத்தினால் உயரும் கோடு எழும்புகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தாள்.

கோடு எழும்பவேயில்லை.

வெளியே வந்து அவர் சொன்னார். "மெஷின் போட்ட சத்தத்துல அவ வரவே இல்ல. பேரிங் போன மாதிரி என்ன சத்தம் அது! பயந்துட்டா போல." அவருக்குக் குறை. டாக்டரம்மாவுக்கும் குறை, ஆனால் சிலருக்கு இப்படி ஆவது உண்டு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். மைக் அக்காவுக்கு மட்டும் உள்ளூரக் குளிர்ந்தது. கோழை! ஒரு மெஷின் சத்தத்துக்குத் தாங்காதவள்தானா இத்தனை நாள் தன் வீட்டில் ராஜ்ஜியம் பண்ணினாள்?

இரண்டாவது முறைக்கு முன்னால் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டாள். "அவருக்குப் பழக்கமான குரல் ஒண்ணு வெளியிலிருந்து கேட்டா மூளை என்ன செய்யுதுன்னும் பார்க்கணும். நீங்க சில வாக்கியம் பேசித் தர்றீங்களா?"

இதைவிட என்ன வேண்டும்? நேருக்கு நேர் போட்டி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியத்தைக் கணீரென்று படித்தாள். "சாப்பாடு தயார், சாப்பிட வாங்க." டாக்டரம்மா தயங்கினாள். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வண்டி வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. வீட்டுல அவர்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க."

மறுபடி படித்தாள். இந்த முறை அதட்டலாக வந்தது. இன்னொரு முறை. அதில் புகார் இருந்தது. அவள் திகைத்துப் போனாள். வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு குரல் தனக்கு இருந்ததே, லிஃப்ட் பக்கத்தில் நின்று பேசிய குரல், அது எங்கே போயிற்று? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெல்லப் பேசி, ஒருவழியாக எல்லா வாக்கியத்தையும் பதிவுசெய்து கொடுத்தாள். மனத்துக்குத் திருப்தியில்லை.

இரண்டாவது ஸ்கேன் அன்று காதுக்குள் இருப்பவள் வந்தாள். காதில் அடைப்பு, அதன்மேல் ஹெட்போன், சுற்றிலும் மெஷின் இரைச்சல், அத்தனையையும் மீறி வந்தாள். திரையில் பட்டன் கோடு எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. நடுநடுவே மைக் அக்காவின் பதிவுக்குரல் ஹெட்போனில் ஒலித்தது. கோடு எழும்பும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ கருகியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு முறை கோடு எழும்பியபோது கட்டைவிரல் லேசாக ஆடியது. தன் குரலுக்கு ஆடியதா, அவள் குரலுக்கா?

படங்களைப் பார்த்துக் கணக்கெடுக்கச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் அவள் டாக்டரம்மாவைப் பலமுறை தொந்தரவு செய்துவிட்டாள். கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துத் திரையில் காட்டினாள். சாம்பல் நிறத்தில் மூளை, அதில் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டுகள்.

"ஒருத்தருடைய படத்தை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்லக்கூடாது. பல பேரைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"சரிங்க. இதுல எது நான், எது அவ?"

டாக்டரம்மா பென்சிலால் காட்டினாள். "காதுல விழற சத்தத்தை வாங்கிக்கிற இடம் இது. நீங்க பேசும்போது இங்க எழும்புது. அந்தக் குரல் வரும்போதும் கிட்டத்தட்ட இதே இடத்துலதான் எழும்புது. வெளியில சத்தமே இல்லாதப்பவும். அதனால அவர் கற்பனை பண்றார்னு சொல்லாதீங்க. அவருக்கு அது நிஜமாவே கேட்குது."

அவர் தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒருவர் சாட்சி சொன்னதுபோல் அவர் முகம் தெளிந்தது.

"யாருக்குப் பெரிசா எழும்புது?" என்றாள் அவள்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "அவ பேசாத நேரத்துல உங்க குரலுக்கு நல்லா எழும்புது. அவ பேசிட்டிருக்கும்போது நீங்க பேசினா, குறைவாத்தான் எழும்புது. இடம் ஒண்ணுதானே. அவ முன்னாடியே பிடிச்சுட்டா."

"மேடையில வேற வண்டி நிக்குது. என் வண்டி உள்ள நுழைய முடியல."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

மைக் அக்கா அந்த ஆரஞ்சுத் திட்டையே பார்த்தாள். எத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். "என் குரல் கசக்குதா?" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அவர் திரும்பாமல் இருந்தது கசந்துபோனதால் அல்ல. குரல் உள்ளே போய்ச் சேரவே இல்லை.

"இன்னொண்ணு" என்றாள் டாக்டரம்மா. "பேச்சை உருவாக்கற இடமும் அந்த நேரத்துல வேலை செய்யுது. நாம எல்லாரும் மனசுக்குள்ள பேசிக்கறோம் இல்லையா? அது நம்ம பேச்சுதான்னு மூளைக்குத் தெரியும். இவருக்கு அந்தக் குறிப்பு விட்டுப்போயிடுது, அதனால வெளியிலருந்து யாரோ பேசற மாதிரி கேட்குதுன்னு பலர் நினைக்கிறாங்க. இன்னும் முழுசாத் தெரியாது."

"அப்ப 'நல்லா இருக்கு'ன்னு சொல்றது?"

"அதுவும் அவருக்குள்ளருந்து வர்றதுதான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டதுபோல் இருந்தது. சக்களத்தி என்று அவள் தேடிப்போன வீட்டில் இருந்தது தன் புருஷனேதான் என்றால், அவள் யார்மேல் பொறாமைப்படுவது? ஆனாலும் பொறாமை அடங்கவில்லை. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக்கூட ஒரு முப்பது வயதுக்காரியின் குரல்தானா கிடைத்தது இந்த மனிதருக்கு? பக்கத்திலேயே ஒருத்தி இருக்கிறாளே, அவளுடைய குரலை எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொள்ளும்படி அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்து, இறக்கைகளைத் துடைத்து, மறுபடி பூட்டி ஓடவிட்டார். துளிச் சத்தமில்லாமல் ஓடியது. அவள் அவருக்குப் பின்னால், வலது பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, அதட்டலும் இல்லாமல் புகாரும் இல்லாமல், மெல்லச் சொன்னாள். "நல்லா செஞ்சிருக்கீங்க."

அவர் தலை வலது பக்கம் சாய்ந்தது. உதடு மடிந்தது. அந்தச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

வாக்கியம் தன்னுடையது, பெயர் அந்தக் குரல்காரிக்குப் போய்விட்டதே! இதுவரை பட்ட பொறாமையெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றாள்.

"நான்தான் சொன்னேன்."

அவர் விழித்தார். "நீயா?"

"நானேதான். பக்கத்துல நின்னு சொன்னேன். வாயைத் திறந்து சொன்னேன்."

"நீ சொல்லவே மாட்டியே" என்றார். குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

இந்தத் தடவை கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஃபேன் நல்லா ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தால் அவர் ஒரு விரலை உயர்த்துவார். அவள் காத்திருப்பாள். முக்கியமான விஷயமென்றால் எதிரில் வந்து, தோளைத் தொட்டுவிட்டுப் பேசுவாள். சொல்வதற்குச் சுலபம். விரல் உயர்ந்து நிற்கும்போது சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் கழுவப்பட்டன. "இன்னும் முடியலையா அவளுக்கு? என்ன, தொடர்கதையா சொல்றா?" என்று கேட்காமல் அவளால் இருக்க முடிந்ததில்லை. ஆனால் வேறு கேள்விகளும் கேட்கக் கற்றுக்கொண்டாள். இன்னைக்கு எங்க வந்தா, கிட்டத்துலயா, தள்ளியா, என்ன சொன்னா. அவர் சொன்னார். டாக்டரம்மாவிடம் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னார். குரல் போகவில்லை. மாத்திரை தொடர்கிறது, குரலோடு வாழப் பழக ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சியும் தருகிறார்கள், சில வாரம் குறைவாக வருகிறாள், சில வாரம் கூடுதலாக.

ஒரு மாலை இருவரும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரலை உயர்த்தினார். அவள் காத்திருந்தாள். விரல் இறங்கியது. ஆனால் அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என்னங்க சொன்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்? சொல்லுங்க."

"உன்னைப் பத்தி."

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "என்னைப் பத்தி அவ என்ன பேசறது?"

"நீ பக்கத்துல வந்தா நான் அவளைச் சரியாக் கவனிக்கிறதில்லையாம்." அவர் துண்டைப் பார்த்தபடியே சொன்னார். "உன்மேல அவளுக்குப் பொறாமையா இருக்காம்."

அவள் நம்பவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர்தான். ஆனால் இந்த வயதில் கற்றுக்கொள்ளக் கூடாது என்று சட்டமா? முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. குரல் சொல்லியிருந்தாலும் அது அவருக்குள்ளிருந்து வந்தது, அவராகப் புனைந்திருந்தாலும் அவருக்குள்ளிருந்து வந்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் வரவு அவளுக்குத்தான்.

"படட்டும், படட்டும். நல்லாப் படட்டும்" என்றாள். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கச் சட்டையை எடுத்துப் பலமாக உதறினாள். "எதுக்குப் பொறாமையாம்? விவரமாக் கேட்டுச் சொல்லுங்க."

"அவ போயிட்டா."

"அடுத்த தடவை வரும்போது மறக்காமக் கேளுங்க."

அவர் கேட்டாரோ இல்லையோ, அதற்குப் பிறகு பல மாலைகளில் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்தது: "என்ன, இன்னைக்கும் பொறாமைப்பட்டாளா?"